படத்தின் மதிப்பெண் நடிகரின் மதிப்பெண் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஹாலிவுட் நடிகர்கள் ஆறு பேரின் திரைவாழ்க்கையை விமர்சனத் தொகுப்புத் தளங்களின் மதிப்பெண்களைக் கொண்டு வரைபடமாக்கிய கட்டுரை வெளிவந்திருந்தது. கிடை அச்சில் ஆண்டுகள், செங்குத்து அச்சில் சதவீதம், படம் ஒன்றுக்கு ஒரு புள்ளி, புள்ளிகளை இணைத்து ஒரு கோடு என்று அமைந்திருந்த அந்த வரைபடங்களைப் பலமுறை பார்த்தேன். கோடு ஏறிய இடங்களில் ‘எழுச்சி’ என்றும், இறங்கிய இடங்களில் ‘சரிவு’ என்றும் எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஞாயிறு நடிகைகளின் வரைபடங்கள் வரும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். அவை அச்சுக்குப் போவதற்கு முன் இந்தக் கடிதம் தங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரு திரைப்படச் சங்கத்திலும் உறுப்பினனாக இருந்து, திரையிடலுக்குப் பின் நடக்கும் விவாதங்களில் ஒரு நடிகரின் ஒரே ஒரு பார்வையைப் பற்றி நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தவன். எண்களின் மீதும் நடிப்பின் மீதும் எனக்கு ஒரே அளவு பற்று உண்டு. ஆகவே, கலையை எண்ணால் அளக்கவே கூடாது என்பவர்களோடு சேர்ந்துகொண்டு நான் இதை எழுதவில்லை. கட்டுரை அளந்தது படங்களை. தீர்ப்பு எழுதியது நடிகர்களின் மேல். என் முறையீடு முழுவதும் இந்த ஓர் இடைவெளியைப் பற்றியதுதான்.

இத்தகைய முயற்சி புதியதன்று. 2011-ஆம் ஆண்டிலேயே ஸ்லேட் என்ற அமெரிக்க இணைய இதழ், ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தொகுப்புத் தளத்தின் தரவுகளை எடுத்து, ஒரு நடிகரின் அல்லது இயக்குநரின் பெயரைக் கொடுத்தால் அவருடைய படங்களின் மதிப்பெண் கோட்டை வரைந்து காட்டும் கருவி ஒன்றை வெளியிட்டது. அப்போது நானும் மணிக்கணக்கில் அதில் பெயர்களைத் தட்டிப் பார்த்தேன். என் நினைவில் இருந்த படங்களும் கோட்டின் மேடுபள்ளங்களும் சில இடங்களில் அழகாகப் பொருந்தின. வேறு சில இடங்களிலோ, வாழ்நாளில் மறக்க முடியாது என்று நான் நினைத்திருந்த ஒரு நடிப்பு பள்ளத்தின் அடியில் கிடந்தது. அந்தப் பொருந்தாமைதான் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று என்னைத் தேடவைத்தது.

ராட்டன் டொமேட்டோஸ் 1998-இல் தொடங்கப்பட்டது. ஜாக்கி சானின் படங்களுக்கு அமெரிக்காவில் வந்த விமர்சனங்களை ஓரிடத்தில் திரட்டிவைக்க வேண்டும் என்று ஒரு ரசிகருக்கு எழுந்த ஆசையே அதற்கு வித்து. ஒரு நடிகரைப் பின்தொடரும் விருப்பத்திலிருந்து முளைத்த தளம் என்பதால், நடிகர்களைப் பின்தொடர அதையே பயன்படுத்துவது இயல்பானதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அது தரும் சதவீதம், படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கான அளவு அன்று. ஒவ்வொரு விமர்சனத்தையும் சாதகம், பாதகம் என்ற இரண்டில் ஒன்றாகப் பிரித்து, மொத்தத்தில் சாதகமானவை நூற்றுக்கு எத்தனை என்று சொல்கிறது, அவ்வளவுதான். 60 சதவீதத்தை எட்டினால் சிவப்புத் தக்காளி, எட்டாவிட்டால் நசுங்கிச் சிதறிய பச்சைத் தக்காளி. 2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் தளத்தின் வழி வேறு: ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக மாற்றி, சில விமர்சகர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் எடை கொடுத்து, சராசரி எடுக்கிறது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை அந்தத் தளம் வெளியே சொல்வதில்லை.

தங்கள் கட்டுரை இவ்விரண்டையும் ஒரே கோட்டில் கலந்துவிட்டது. ஒரு தளத்தில் மதிப்பெண் இல்லாத படங்களுக்கு மற்றத் தளத்தின் மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டதாக அடிக்குறிப்பே சொல்கிறது. இது ஒரு பயணத்தின் பாதித் தூரத்தைக் கிலோமீட்டரிலும் மீதியை மைலிலும் எழுதி, இரண்டையும் கூட்டிச் சொல்வதைப் போன்றது. இரண்டு எண்களும் எவ்வளவு தொலைவு விலகிப் போகக்கூடும் என்பதற்கு ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். நூறு விமர்சகர்கள் ஒரு படத்தைப் பார்த்து, ஒவ்வொருவரும் ஐந்துக்கு மூன்று கொடுத்துப் ‘பரவாயில்லை’ என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சாதகமான விமர்சனமாகக் கொள்ளப்படும் என்பதால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம். இன்னொரு படத்துக்கு அறுபது பேர் ஐந்துக்கு ஐந்தும், நாற்பது பேர் ஐந்துக்கு இரண்டும் கொடுக்கிறார்கள். அந்தப் படத்துக்கு 60 சதவீதம். ஆனால் சராசரியைக் கணக்கிட்டால் முதல் படத்துக்கு 3, இரண்டாவதற்கு 3.8. துணிந்து நடித்து, சிலரை உலுக்கி, சிலரைக் கோபப்படுத்திய நடிகரின் கோடு தங்கள் வரைபடத்தில் இறங்கும். யாரையும் தொந்தரவு செய்யாமல் நடித்தவரின் கோடு ஏறும். கோட்டை நம்பி ஒரு இளைஞர் நடிக்க வந்தால், அவர் எதைக் கற்றுக்கொள்வார் என்பதை நினைத்துப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கிறது.

இது எண்ணின் சிக்கல். இதைவிடப் பெரியது, படத்துக்குக் கிடைத்த எண்ணை நடிகரின் கணக்கில் வரவு வைப்பதில் இருக்கும் சிக்கல்.

கட்டுரையில் மைக்கேல் கெயினின் வரைபடம் இடம்பெற்றிருந்தது. அதில் 1986-இல் ஒரு உச்சியும் 1987-இல் ஒரு பாதாளமும் அடுத்தடுத்து இருந்தன. உச்சியில் இருந்த படம் ‘ஹன்னா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்’. அதற்காக அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. பாதாளத்தில் இருந்தது ‘ஜாஸ்: தி ரிவெஞ்ச்’. 1987 மார்ச்சில் அந்த ஆஸ்கர் விழா நடந்தபோது, விருதை மேடையேறிப் பெற அவரால் போக முடியவில்லை. இரண்டாவதாகச் சொன்ன அந்தச் சுறாப் படத்தின் படப்பிடிப்பில் இருந்தார். விருது அறிவிக்கப்பட்ட இரவில், விருது பெற்ற நடிகரும் பாதாளத்தில் இருக்கும் படத்தின் நடிகரும் ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே திறமை. அவ்விரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரையப்பட்ட செங்குத்தான கோட்டுக்கு மேல் ‘சரிவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரிந்தது யார்? ஒரு படத்தின் திரைக்கதை மற்றொன்றைவிட மோசமாக இருந்தது என்பதைத் தவிர அந்தக் கோட்டிலிருந்து எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் நடிகைகளைப் பற்றி எழுதும்போது சாண்ட்ரா புல்லக் நிச்சயம் வருவார் என்று நினைக்கிறேன். 2010 மார்ச் 6-ஆம் தேதி, முந்தைய ஆண்டின் மிக மோசமான நடிகை என்று ‘ஆல் அபௌட் ஸ்டீவ்’ படத்துக்காக அவருக்கு ராஸி விருது கொடுக்கப்பட்டது; அவரே நேரில் போய் அதை வாங்கிக்கொண்டார். மறுநாள், மார்ச் 7-ஆம் தேதி, ‘தி ப்ளைண்ட் சைட்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். இரண்டு படங்களும் 2009-இல் வெளிவந்தவை. அவருடைய வரைபடத்தில் 2009-க்கு மேல் ஒரே செங்குத்துக் கோட்டில் இவ்விரண்டின் புள்ளிகளும் விழும். அவற்றின் சராசரியை எடுத்து ஒரு நடுப்புள்ளியை வைத்தால், அந்த நடுப்புள்ளிக்குரிய நடிப்பை அவர் இவ்விரண்டு படங்களில் எதிலும் நடிக்கவில்லை.

பெரிய பாத்திரமா சிறிய பாத்திரமா என்பதையும் கட்டுரை பார்க்கவில்லை. 2008-இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்தில் சாமுவேல் எல். ஜாக்சன், எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு வரும் ஒரு சிறு காட்சியில் மட்டுமே தோன்றுகிறார். அந்தப் படத்தின் முழு மதிப்பெண்ணும் அவருடைய கோட்டில் ஏறியிருக்கிறது. திரையில் இருக்கும் நிமிடங்களுக்கு ஏற்ப எடை கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். என் மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தில் ஜூடி டென்ச் ஏறக்குறைய எட்டு நிமிடங்களே வருகிறார். அந்த எட்டு நிமிடங்களுக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். நிமிடக் கணக்கு ஜாக்சன் விஷயத்தில் நியாயம் செய்யும்போது டென்ச் விஷயத்தில் அநியாயம் செய்துவிடுகிறது.

என்னை மிகவும் வருத்தியது ஏட்ரியன் பிராடியின் வரைபடம். 1998-இல் வந்த ‘தி தின் ரெட் லைன்’ படத்தில் தான் முக்கியப் பாத்திரம் என்று நம்பி அவர் மாதக்கணக்கில் நடித்தார். படத்தொகுப்பில் அவருடைய பகுதி பெரும்பாலும் வெட்டப்பட்டு, முடிந்த படத்தில் சில வசனங்களே எஞ்சின. அந்தப் படம் பெரிதும் பாராட்டப்பட்டது, சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. ஆகவே தங்கள் வரைபடத்தில் 1998 அவருக்கு நல்ல ஆண்டாகக் காட்சியளிக்கிறது. ஒரு இளம் நடிகரின் வாழ்வில் மிகக் கசப்பானதாக இருந்திருக்கக்கூடிய ஆண்டு அது. யாரும் பார்க்காத நடிப்புக்கு உயர்ந்த மதிப்பெண்! ‘தி பியானிஸ்ட்’ படத்துக்காக 29 வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வென்றபோது அவர் கடந்து வந்திருந்த தூரம் எவ்வளவு என்பதை, அந்த இரண்டு உயரமான புள்ளிகள் முற்றாக மறைத்துவிடுகின்றன.

காலத்தைப் பற்றிய பிழை எளிதில் கண்ணில் படாதது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஆறு வரைபடங்களிலும், 1960-களிலோ 70-களிலோ நடிக்கத் தொடங்கியவர்களின் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்கின்றன. கட்டுரையாளர் இதை ‘முதுமையில் தேர்வுத்திறன் குறைவதன்’ அடையாளமாகப் படித்திருக்கிறார். தளம் தொடங்கியதே 1998-இல்தான் என்பதை அவர் மறந்துவிட்டார். அதற்கு முந்தைய படங்களுக்கு அங்கே சேர்ந்துள்ள விமர்சனங்களில் கணிசமானவை, அந்தப் படங்கள் மறுவெளியீடு கண்டபோதோ வட்டுகளாக வந்தபோதோ எழுதப்பட்டவை. எந்தப் பழைய படத்தைத் தேடியெடுத்து மறுபடியும் பார்த்து எழுதுவார்கள்? காலத்தைத் தாண்டி நின்ற படத்தைத்தான். ராபர்ட் டி நீரோ ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ படத்துக்கு முன், 1971-இல், ‘தி கேங் தட் குடன்ட் ஷூட் ஸ்ட்ரெய்ட்’, ‘ஜெனிஃபர் ஆன் மை மைண்ட்’ போன்ற படங்களிலும் நடித்தார். அவற்றைத் தேடிப் பார்த்து எழுத இன்று யாருக்கு ஆர்வம்? ‘டாக்ஸி டிரைவர்’, ‘ரேஜிங் புல்’ ஆகியவற்றைப் பற்றியோ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எழுதிக்கொண்டே இருக்கிறது. 2000-க்குப் பிந்தைய படங்களில் நல்லது, கெட்டது எல்லாவற்றுக்கும் வெளியான வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் விமர்சனங்கள் குவிகின்றன. இடப்பக்கம் காலம் சலித்துக் கொடுத்த தானியம். வலப்பக்கம் உமியும் சேர்ந்த நெல். இரண்டையும் ஒரே மரக்காலில் அளந்து, விளைச்சல் குறைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. டி நீரோ 2019-இல் ‘தி ஐரிஷ்மேன்’ படத்திலும் 2023-இல் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்’ படத்திலும் நடித்ததைப் பார்த்தவர்களுக்கு, முதுமையில் தேர்வுத்திறன் குறைந்தது என்ற வாக்கியம் எவ்வளவு அவசரமானது என்பது புரியும்.

விமர்சனம் எழுதப்பட்ட காலம் மாறினால் தீர்ப்பும் தலைகீழாகும். ‘தி ஷைனிங்’ 1980-இல் வந்தபோது, முதலாவது ராஸி விருதுகளில் ஷெல்லி டுவாலை மிக மோசமான நடிகைக்கும் ஸ்டான்லி குப்ரிக்கை மிக மோசமான இயக்குநருக்கும் பரிந்துரைத்தார்கள். இன்று அந்தப் படம் போற்றப்படுகிறது. டுவாலுக்கு அளித்த பரிந்துரையை ராஸி அமைப்பே 2022-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகளில் டுவாலின் நடிப்பில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. தங்கள் வரைபடம் 1980 என்ற ஆண்டுக்கு மேல் வைக்கும் புள்ளி, 1980-இல் அந்த நடிகை அனுபவித்த வரவேற்பைக் காட்டாது. பின்னால் வந்தவர்களின் மனமாற்றத்தையே காட்டும். இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. ‘சிட்டிசன் கேன்’ படம் ராட்டன் டொமேட்டோஸில் நெடுநாள் 100 சதவீதத்தில் இருந்தது. 1941-இல் சிகாகோ ட்ரிபியூனில் வெளிவந்த ஒரு பாதகமான விமர்சனம் 2021-இல் தொகுப்பில் சேர்க்கப்பட்டதும் அது 99 ஆனது. அதை இயக்கி நடித்த ஓர்சன் வெல்ஸ் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் நடிகராக ஏறிய உச்சி ஒரு படி தாழ்ந்தது. ஒரு சதவீதம் சிறியதுதான்; ஆனால் வாழ்க்கை வரலாறு என்று அச்சிடப்படும் ஒரு கோடு, அதற்குரியவர் மறைந்த பிறகும் அசைந்துகொண்டிருந்தால் அது எதன் வரலாறு?

புள்ளியியல் ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘உச்சத்துக்குப் பின் தடுமாற்றம்’ என்ற தலைப்பில் கட்டுரையாளர் ஒரு விதியையே வகுத்திருக்கிறார்: மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற படத்துக்கு அடுத்த படம் ஏறக்குறைய எப்போதும் தாழ்வாகவே இருக்கிறதாம். இது உண்மைதான், ஆனால் நடிகர்களைப் பற்றிய உண்மை அன்று. 1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாகப் பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை என்று காட்டினார். திறமையும் தற்செயலும் கலந்து நிர்ணயிக்கும் எந்த அளவிலும், உச்சத்துக்கு அடுத்தது சராசரியை நோக்கித் திரும்பும். நல்ல கதை, நல்ல இயக்குநர், நல்ல படத்தொகுப்பு, நல்ல வெளியீட்டு வாரம் என்று எல்லாம் ஒருசேரக் கூடிவந்த ஒரு படத்துக்கு அடுத்ததில் அவற்றுள் ஒன்றிரண்டாவது கூடாமல் போவது இயல்பு. இதே தரவில் மிகத் தாழ்ந்த படத்துக்கு அடுத்த படத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் உயர்வைக் கண்டிருப்பார். நடிகருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றோ, புகழ் அவரைச் சோம்பேறியாக்கியது என்றோ விளக்கம் எழுத இங்கே இடமே இல்லை. அப்படி எழுதப்பட்ட இரண்டு வாக்கியங்களுக்காவது தங்கள் நாளிதழ் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விமர்சனங்களின் எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐந்து விமர்சனங்கள் மட்டுமே உள்ள படத்துக்கு ஒருவர் மனம் மாறினால் 20 சதவீதம் அசையும். முந்நூறு உள்ள படத்துக்கு மூன்றில் ஒரு சதவீதம் அசையும். வரைபடத்தில் இரண்டும் ஒரே அளவுள்ள கறுப்புப் புள்ளிகள். ஆங்கிலத்துக்கு வெளியே வாழ்ந்த நடிகர்களை இது கடுமையாகப் பாதிக்கிறது. தோஷிரோ மிஃபூனே 1947-இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். அவற்றுள் அகிரா குரோசவாவோடு சேர்ந்து செய்தவை 16. ஆங்கில விமர்சகர்கள் பெரும்பாலும் எழுதிவைத்திருப்பது அந்தப் பதினாறைப் பற்றித்தான். அவருக்குக் கோடு வரைந்தால் வானத்திலேயே ஓடும். அது மிஃபூனேயின் வாழ்க்கை ஆகாது, கடல் கடந்து போன படங்களின் பட்டியலாகவே இருக்கும்.

இந்த எண்களின் மேல் பணமும் கண் வைக்கிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ என்ற வீடியோ கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 பெற்றால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது, கேம் 84 பெற்றது, தொகை கிடைக்கவில்லை. ராட்டன் டொமேட்டோஸில் ஒரு படத்தின் சதவீதத்தை உயர்த்துவதற்காக, அதிகம் அறியப்படாத விமர்சகர்களுக்கு ஒரு விளம்பர நிறுவனம் பணம் கொடுத்ததை 2023-இல் ஒரு அமெரிக்க இதழ் வெளிக்கொண்டுவந்தது. நடிகர்களுக்குப் பாத்திரம் கொடுப்பதையும் இதே எண் தீர்மானிக்கத் தொடங்கினால், அதற்குப் பழக்கப்படுத்தியவர்களில் நாமும் ஒருவராக இருக்கக் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகும், அந்தக் கோடுகளில் ஒன்றுமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. நீண்ட காலத்தில், ஒரு நடிகர் எத்தகைய படங்களை ஒப்புக்கொள்கிறார், அவருக்கு எத்தகைய படங்கள் வந்து சேர்கின்றன என்பதைப் பற்றி அவை சிறிது சொல்லும். ஜான் கசால் ஐந்தே முழுநீளப் படங்களில் நடித்து, 1978-இல் 42 வயதில் மறைந்தார். ‘தி காட்ஃபாதர்’, ‘தி கான்வர்சேஷன்’, ‘தி காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம், ‘டாக் டே ஆஃப்டர்நூன்’, ‘தி டியர் ஹன்டர்’ ஆகிய ஐந்தும் சிறந்த படத்துக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. அவருடைய ஐந்து புள்ளிகளும் உச்சியில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து படங்களிலும் அவர் துணைப் பாத்திரம். அவருக்கென்று ஒருமுறைகூட ஆஸ்கர் பரிந்துரை வரவில்லை. எங்கள் சங்கத்தில் ‘தி காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தைத் திரையிட்ட இரவில், நாற்காலியில் சாய்ந்து கிடந்தபடி தம்பியிடம் தன் வாழ்நாள் அவமானத்தைக் கொட்டும் ஃப்ரெடோவாக அவர் வந்த காட்சிக்குப் பிறகு, அரங்கில் யாரும் சிறிது நேரம் அசையவில்லை. அந்த அமைதியை எந்தத் தக்காளியும் பதிவு செய்யவில்லை.

மேலும், ஒரு நடிகரின் வாழ்வில் மிக முக்கியமான முடிவு கோட்டில் தோன்றாமலே போகலாம். மேத்யூ மெக்கானகேயின் வரைபடத்தில் 2009-இல் வந்த ‘கோஸ்ட்ஸ் ஆஃப் கேர்ள்ஃபிரண்ட்ஸ் பாஸ்ட்’ படத்துக்கும் 2011-இல் வந்த ‘தி லிங்கன் லாயர்’ படத்துக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டாண்டு வெற்றிடம் உண்டு. கட்டுரையில் அந்த வெற்றிடத்தின் குறுக்கே கோடு நேராகப் போய்விடுகிறது. அந்தக் காலத்தில்தான் அவர் காதல் நகைச்சுவைப் படங்களை மறுத்துக்கொண்டிருந்தார். 1 கோடியே 45 லட்சம் டாலர் வரை உயர்ந்த ஒரு வாய்ப்பையும் வேண்டாம் என்று சொன்னதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 2014 மார்ச்சில் ‘டாலஸ் பையர்ஸ் கிளப்’ படத்துக்காக ஆஸ்கர் மேடையில் நின்றதற்கான காரணம் அந்த வெற்றிடத்துக்குள் இருக்கிறது. மறுத்த படங்களுக்கு எந்தத் தளத்திலும் மதிப்பெண் கிடையாது. அதே 2014-இல் பலர் அவருடைய மிகச் சிறந்த வேலையாகக் கருதும் ‘ட்ரூ டிடெக்டிவ்’ வெளிவந்தது. அது தொலைக்காட்சித் தொடர் என்பதால் கோட்டில் சேரவில்லை.

நடிகைகளுக்கு இந்த வெற்றிடம் இன்னும் ஆழமானது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு நடிகைக்குக் கிடைக்கும் முதன்மைப் பாத்திரங்கள் குறைந்துபோவது ஊரறிந்த செய்தி. எழுதப்படாத பாத்திரங்களால் அவருடைய கோடு மெலியும்; வந்ததை ஏற்றுக்கொண்டதால் தாழும். அதற்கு மேல் ‘சரிவு’ என்று அச்சிட்டால், கதவை மூடியவர்களை விட்டுவிட்டு வாசலில் நின்றவரைக் குறை சொன்னதாக ஆகும். அடுத்த ஞாயிறைக் குறித்து நான் பதறுவது இதனால்தான்.

ஆகவே, தொடரை நிறுத்த வேண்டும் என்று கேட்கவில்லை. புள்ளிகள் இருக்கட்டும், அவற்றை இணைக்கும் கோட்டை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டு படங்களுக்கு நடுவில் அந்த நடிகர் அங்கே இருக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியின் பருமனையும் அதற்குரிய விமர்சனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரையுங்கள். ஒரே தளத்தின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, 1998-க்கு முந்தைய படங்களை வேறு நிறத்தில் காட்டுங்கள். ‘எழுச்சி’, ‘சரிவு’ என்ற சொற்களுக்குப் பதிலாக அந்தப் படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரை எழுதுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. உழைப்பு சற்று அதிகம். சதவீதத்தோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழே இருக்கும் விமர்சனங்களைத் திறந்து, நடிகரைப் பற்றி விமர்சகர் எழுதிய வாக்கியத்தை மட்டும் தனியே எடுக்க வேண்டும். படத்தைக் கிழித்துப்போட்ட விமர்சனத்திலும் நடிகரைக் கைவிடாத ஒரு வரி இருப்பதை அப்போது காணலாம். போற்றிய விமர்சனத்தில் அவருடைய பெயரே இல்லாமல் இருப்பதையும் காணலாம். மைக்கேல் கெயினின் படங்களில் முப்பதுக்கு, படத்துக்குப் பத்து விமர்சனங்கள் வீதம், இரண்டு மாதமாக மாலை வேளைகளில் உட்கார்ந்து இப்படிக் குறித்துவைத்திருக்கிறேன். படத்தின் சதவீதம் ஒரு பத்தியிலும், அவரைப் பற்றிச் சாதகமாக எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது அடுத்த பத்தியிலும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று இசைந்துபோகாத இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். தாங்கள் விரும்பினால் அந்தத் தாள்களின் நகலை வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கிறேன். இணைப்பு அச்சுக்குப் போகும் முன் கட்டுரையாளர் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்